சிவப்புக் கல்லும் இருபது அடியும்

இன்னிக்கு எபிசோடு ஒரு அபராதச் சீட்டுல ஆரம்பிக்குது.

2022. கம்பெனி என்னை மூணு மாசம் கலிஃபோர்னியாவுக்கு ஆன்சைட் அனுப்பியிருந்தது. ரெண்டாவது வாரம், வாடகைக் காரை எடுத்துக்கிட்டு ஒரு இந்தியக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கடைக்கு நேர் எதிர்ல, தெருமுனையில, கச்சிதமா ஒரு கார் நிக்கிற அளவுக்கு இடம் காலி. அதிர்ஷ்டம்னு நெனச்சு நிறுத்திட்டு உள்ள போனேன். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தா வைப்பருக்கு அடியில ஒரு கவர். உலகத்துலயே விலை உயர்ந்த கறிவேப்பிலைக் கட்டு என்கிட்டதான் இருந்தது அன்னிக்கு.

ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒருத்தர், தெலுங்குக்காரர், பத்து வருஷமா அங்க இருக்கறவர், சீட்டைப் பாத்துட்டுச் சிரிச்சார். "ரெட் கர்ப்ல விட்டிருக்கே தம்பி." எது ரெட்? பிளாட்பாரத்தோட ஓரக்கல்லுல ஏதோ செங்கல் நிறத்துல ஒரு தேய்ஞ்ச பூச்சு இருந்தது உண்மைதான். ஆனா அது எனக்கு ஒரு தகவலாவே தெரியல. போட்டோ எடுத்து, தேய்ஞ்சு போன பெயின்ட்டைக் காட்டி, தபால்ல அப்பீல் போட்டேன். தள்ளுபடி. அந்த ஊர் பேர் வேண்டாம், விடுங்க.

எனக்கு ஏன் தெரியலன்னு யோசிச்சுப் பாத்தா, நான் வளர்ந்தது சென்னையில. இங்க ஓரக்கல்லுக்குக் கறுப்பு வெள்ளை அடிப்பாங்க, இல்ல கறுப்பு மஞ்சள். ராத்திரியில விளிம்பு தெரியறதுக்காக அடிக்கற பெயின்ட் அது. இங்க வண்டியை நிறுத்தலாம், நிறுத்தக்கூடாதுன்னு அது எதுவும் சொல்லாது. யாராவது பெரிய ஆள் வர்றாங்கன்னா முந்தின நாள் ராத்திரி புதுசா அடிப்பாங்க, அதனால சின்ன வயசுல எனக்கு அது தோரணம் மாதிரி ஒரு அலங்காரம். இரண்டாம் உலகப் போர்ல, 1939 செப்டம்பர்ல பிரிட்டன் விளக்கையெல்லாம் அணைச்சப்போ, இருட்டுல தடுக்கி விழாம இருக்க அங்கயும் ஓரக்கல்லுக்கும் மரத்துக்கும் வெள்ளை அடிச்சாங்க. நம்ம ஊர்க் கல்லு அந்த வேலையைத்தான் செய்யுது. இங்க ஒரு விளிம்பு இருக்கு, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியாவில கல்லு சட்டம் பேசும். அந்த மாநில வாகனச் சட்டத்துல 21458-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அரைப் பக்கம்கூட வராது. அஞ்சு நிறம், அஞ்சு அர்த்தம். சிவப்பு: நிறுத்தவே கூடாது, டிரைவர் உள்ளயே உக்காந்திருந்தாலும் கூடாது. பஸ்சுக்குன்னு குறிச்சிருக்கற சிவப்புல பஸ் மட்டும் நிக்கலாம். மஞ்சள்: சரக்கோ ஆளோ ஏத்தி இறக்க மட்டும். வெள்ளை: ஆள் ஏத்தி இறக்க, இல்லன்னா பக்கத்துத் தபால் பெட்டியில கடிதம் போட. பச்சை: நிறுத்தலாம், ஆனா குறிப்பிட்ட நேரம் மட்டும். நீலம்: மாற்றுத்திறனாளிகள் வண்டிக்கு. எத்தனை நிமிஷம், எந்தக் கிழமை, எந்த நேரம்ங்கறதை அந்தந்த நகரம் முடிவு பண்ணிக்கலாம். நிறத்தோட அர்த்தத்தை மட்டும் நகரம் மாத்த முடியாது.

நம்ம பாஷையில சொன்னா, இது ஒரு இனம். அஞ்சே அஞ்சு வேல்யூ. டைப் மாநிலத்தோடது, கான்ஃபிகரேஷன் நகரத்தோடது. முதல் தடவை படிச்சப்போ, யாரோ ஒரு நல்ல புரோகிராமர் எழுதினதுன்னு தோணுச்சு. இந்த நல்ல டிசைன்ல எங்கெல்லாம் ஓட்டை இருக்குங்கறதுதான் மீதி எபிசோடு.

அமெரிக்கா முழுக்க இப்படி இருக்கும்னு நெனச்சா தப்பு. சாலைக் குறியீடுகளுக்கு மத்திய அரசோட ஒரு கையேடு இருக்கு. ஓரக்கல் நிறத்தை உள்ளூர் நிர்வாகம் தீர்மானிச்சுக்கலாம்னு அது சொல்லுது. கூடவே, மஞ்சளும் வெள்ளையும் விளிம்பைக் காட்டறதுக்கும் பயன்படுது, அதனால பார்க்கிங் விதியைப் பலகை வெச்சுச் சொல்றது நல்லதுன்னு ஒரு அறிவுரை. பனி வந்து கல்லை மூடற ஊர்ல பலகையும் கட்டாயம் வைங்கன்னு இன்னொண்ணு. யோசிச்சா எளிமையான விஷயம். வருஷத்துல மூணு மாசம் பனிக்குள்ள புதைஞ்சு கிடக்கற கல்லுல சட்டம் எழுதி என்ன பிரயோஜனம்? நியூயார்க்ல பலகைதான் பேசும், பெயின்ட் பேசாது. வெயில் அடிக்கற கலிஃபோர்னியாவுக்குக் கல்லு போதும். ஒரு ஊரோட சட்டம் அதோட வானிலையைப் பொறுத்து இருக்கு பாருங்க.

இந்த நிறங்களுக்கெல்லாம் முன்னாடி ஒரு சண்டை நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ், 1920.

அப்போ அந்த நகரத்தோட நடு மையத்துக்கு ஆளுங்க ரெண்டு விதமா வந்தாங்க. பெரும்பாலானவங்க டிராம்ல. மஞ்சள் டிராம் ஒரு கம்பெனி, சிவப்பு டிராம் இன்னொரு கம்பெனி. மத்தவங்க சொந்தக் கார்ல. தெரு குறுகல். ரெண்டு ஓரத்துலயும் காரை நிறுத்திட்டா, ஓடற காருக்குத் தண்டவாளத்தை விட்டா வேற வழியில்ல. கார் தண்டவாளத்துல ஏறினா டிராம் நிக்கும். ஒரு டிராம் நின்னா பின்னாடி வரிசையா எல்லாம் நிக்கும். அண்ணா சாலையில ஒரு ஆட்டோ குறுக்க நின்னா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாததா?

நகரசபை ஒரு முடிவெடுத்தது. 1920 ஏப்ரல் 10 முதல், நகர மையத்துல காலை 11 மணியிலிருந்து மாலை 6:15 வரை பார்க்கிங்கே கிடையாது. ஒரு வேலை நாளோட பெரும்பகுதி, முழுத் தடை. டிராம் உடனே நேரத்துக்கு ஓட ஆரம்பிச்சது. கடைக்காரங்க வியாபாரம் உடனே சரிஞ்சது. கார்ல வர்றவங்கதான் கையில காசு வெச்சிருந்தவங்க.

எதிர்ப்புக்கு முன்னாடி நின்னது ஒரு சினிமா நடிகை. கிளாரா கிம்பால் யங், மௌனப் படக் காலத்து நட்சத்திரம். அவங்க தலைமையில கார்கள் நகர மையத்துக்குள்ள ஊர்வலமா போச்சு. நெரிசலைத் தடுக்க வந்த சட்டத்தை எதிர்த்து நெரிசலையே போராட்டமா ஆக்கினாங்க, அந்த ஐடியாவைப் பாராட்டணும். தடை மூணு வாரம்கூட நிக்கல. மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் தடை, பகல்ல 45 நிமிஷம் வரைக்கும் நிறுத்திக்கலாம்னு மாத்தினாங்க.

இந்தக் கதையை, கார் ஜெயிச்சது, டிராம் தோத்ததுன்னு பல பேர் சொல்லுவாங்க. அது ஓரளவு உண்மை. எனக்கு இதுல முக்கியமாப் பட்டது வேற. ஏப்ரல் ஆரம்பத்துல கேள்வி, காரை நிறுத்தலாமா கூடாதா. ஏப்ரல் கடைசியில கேள்வி, எவ்வளவு நேரம். முழுத் தடையைக் கடைக்காரங்க ஏத்துக்கல, முழுச் சுதந்திரத்தை டிராம் தாங்கல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி வேணும்னா தெருவை அடி அடியாப் பிரிச்சாகணும். இந்தப் பத்தடி சரக்குக்கு, அந்தப் பத்தடி பஸ்சுக்கு, அடுத்தது இருபது நிமிஷத்துக்கு. அதை ஓட்டறவருக்கு எப்படிச் சொல்றது? பத்தடிக்கு ஒரு பலகை நட முடியாது. கல்லு ஏற்கெனவே அங்க இருக்கு. ஒரு டப்பா பெயின்ட் போதும்.

நேரக் கணக்குக்கு இன்னொரு பதிலும் வந்தது. 1935 ஜூலை 16, ஓக்லஹோமா சிட்டி, உலகத்தோட முதல் பார்க்கிங் மீட்டர். யோசனை கார்ல் மகீங்கற பத்திரிகை ஆசிரியரோடது. ஒரு மத்திய அமைச்சரோட எண்ணெய் ஊழலை வெளிய கொண்டு வந்ததுல பங்கு இருந்த ஆளு. கடைத்தெரு ஊழியர்களே காலையில காரை நிறுத்திட்டு சாயங்காலம்தான் எடுக்கறாங்க, வாடிக்கையாளருக்கு இடமே இல்லங்கறதுதான் பிரச்சினை. அந்த மாநிலத்து எஞ்சினியரிங் காலேஜ்ல தூசன்னு ஒரு பேராசிரியரும் அவரோட முன்னாள் மாணவர் ஹேலும் மெஷினை வடிவமைச்சாங்க. மணிக்கு அஞ்சு சென்ட். காலேஜ் புராஜெக்ட் தெருவுக்கு வந்து நின்னு ஜெயிச்ச அபூர்வமான கேஸ். என் ஃபைனல் இயர் புராஜெக்ட் எங்க இருக்குன்னு கேக்காதீங்க.

மீட்டர் தானே மணி பாக்கும். பச்சைக் கல்லு பாக்காது. அது முப்பது நிமிஷம்னு சொல்லும், ஆனா நீங்க எப்ப வந்தீங்கன்னு அதுக்குத் தெரியாது. பெயின்ட்டுக்கு மெமரி கிடையாது. அப்போ யார் ஞாபகம் வெச்சுக்கறது?

சாக்பீஸ். அதிகாரி நடந்து வருவார், உங்க டயர்ல ஒரு கோடு போடுவார், அரை மணி கழிச்சு திரும்பி வருவார். கோடு அதே இடத்துல இருந்தா வண்டி நகரலன்னு அர்த்தம், சீட்டு. உலகத்துலயே எளிமையான ஒரு பிட் ஸ்டோரேஜ். பல பத்தாண்டுகளா யாரும் கேள்வி கேக்கல.

மிச்சிகன் மாநிலத்துல சாகினான்னு ஒரு சின்ன நகரம். அங்க ஒரு பெண்மணி மூணு வருஷத்துல பதினஞ்சு சீட்டு வாங்கிட்டார், எல்லாம் சாக்பீஸ் கோட்டை வெச்சு. அவர் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார். என் டயர் என் சொத்து, வாரன்ட் இல்லாம அதைத் தொட்டு ஒரு தகவலைச் சேகரிக்கறது சட்டவிரோதச் சோதனைங்கறது அவர் வாதம். கேட்டா காமெடியாத்தான் இருக்கு. ஆனா 2012-இல அமெரிக்க உச்ச நீதிமன்றம், போலீஸ் ஒருத்தர் கார்ல ஜிபிஎஸ் கருவியை ஒட்டினது சோதனைதான்னு தீர்ப்பு சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை அடிப்படையா வெச்சு, 2019 ஏப்ரல்ல ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்மணி பக்கம் நின்னது. ஜிபிஎஸ்சும் சாக்பீசும் சட்டத்தோட கண்ணுல ஒரே சாதி. அப்புறம் 2022-இல சான் டியாகோ வழக்குல ஒன்பதாவது வட்ட நீதிமன்றம், சாக்பீஸ் போக்குவரத்து நிர்வாகத்துக்குத் தேவையான ஒரு சின்ன விஷயம், தப்பில்லன்னு சொல்லிடுச்சு. ஆக இன்னிக்கு நிலவரம், மிச்சிகன்ல சாக்பீஸ் போட்டா அரசியல் சாசனப் பிரச்சினை, கலிஃபோர்னியாவில போட்டா வேலை. நம்பர் பிளேட்டைப் படிக்கற கேமரா இந்தச் சண்டை முழுசையும் தாண்டிப் போயிட்டே இருக்கு. டயரைத் தொடறதில்லயே. தொடாம எல்லா வண்டியையும் ஞாபகம் வெச்சுக்கறது, தொட்டு ஒரு வண்டியை ஞாபகம் வெச்சுக்கறதைவிட எப்படி நல்லதுன்னு எனக்குப் புரியல. ஆனா நான் வக்கீல் இல்ல.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். சீட்டுங்கறது எனக்கு ஒரு எரிச்சல், அவ்வளவுதான். கார்லயே குடியிருக்கறவங்களுக்கு அப்படி இல்ல. அஞ்சு சீட்டோ அதுக்கு மேலயோ கட்டாம விட்டா வண்டியை இழுத்துட்டுப் போகலாம்னு கலிஃபோர்னியா சட்டத்துல இருக்கு. வீடே அந்த வண்டிதான்னா? சான் ஃபிரான்சிஸ்கோவில வீடில்லாதவங்களுக்கான ஒரு அமைப்பு வழக்குப் போட்டது. 2023 ஜூலையில கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒழுங்கா, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம நிக்கற வண்டியைப் பழைய பாக்கிக்காக மட்டும் வாரன்ட் இல்லாம இழுத்துட்டுப் போறது அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொன்னது. கடன் வசூல் வேற, தெரு ஒழுங்கு வேற. அந்த ரெண்டும் எவ்வளவு வருஷமா ஒண்ணா ஓடியிருக்கு பாருங்க.

சரி, பெயின்ட் டப்பாவுக்கு வருவோம். கல்லுக்கு யார் பெயின்ட் அடிக்கலாம்?

சட்டப்படி நகரம் மட்டும்தான். சான் ஃபிரான்சிஸ்கோவில ஒரு ஹோட்டலோ கிளினிக்கோ வாசல்ல வெள்ளை வேணும்னு விண்ணப்பிக்கலாம், கட்டணம் கட்டலாம். ஆனா அடிச்சதுக்கு அப்புறம் அது அவங்க இடம் கிடையாது. யார் வேணாலும் அங்க ஆளை இறக்கலாம். காசு கட்டினவருக்கு எரிச்சலா இருக்கும், ஆனா தெரு பொதுச் சொத்துங்கறதை அந்த ஒரு விதி காப்பாத்தி வெச்சிருக்கு.

எல்லாரும் விண்ணப்பிக்கறதில்ல. சில பேர் கடைக்குப் போய் ஒரு டப்பா சிவப்பு வாங்கிட்டு வந்துடறாங்க. இதுக்குப் பேர் போன இடம் மாலிபு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருபத்தோரு மைல் கடற்கரை ஊர். கடலை ஒட்டி வரிசையா கோடீஸ்வரங்க வீடு. சட்டப்படி கலிஃபோர்னியாவில ஈர மணல் பொதுமக்களோடது. 1976 கடற்கரைச் சட்டம் அங்க போறதுக்கான வழியையும் பாதுகாக்குது. வழியை மூட முடியாது. அதனால வழிக்குப் பக்கத்துல காரை நிறுத்த முடியாம பண்ணிட்டாங்க. பொய்யான "நோ பார்க்கிங்" பலகை. திறக்கவே திறக்காத பொய் கராஜ் கதவு, அதாவது கதவு மாதிரி ஒரு சுவர், வாசலை மறிக்கறீங்கன்னு உங்களை நம்ப வைக்க. ஆரஞ்சுக் கூம்பு. கூடவே ஓரக்கல்லுக்கு யாரும் அனுமதிக்காத சிவப்பு.

இதை ஒரு ஹேக்குன்னுதான் சொல்லணும். நல்ல டிசைன்னு சொன்னேன் இல்லயா, அந்த அஞ்சு நிறச் சட்டம்? அதுல அத்தென்டிகேஷன் கிடையாது. சிவப்பு உண்மையானதா பொய்யானதான்னு காரை ஓட்டிட்டு வர்றவருக்குத் தெரிய வழியே இல்ல. பாத்தா நம்புவார், நம்பினா போயிடுவார். ஒரு நாள் பீச்சுக்கு வந்த குடும்பம் திரும்பிப் போயிடும். எந்தப் போலீசும் தேவையில்ல.

2013-இல ஜெனி பிரைஸ்ங்கற எழுத்தாளரும் எஸ்காட் நார்ட்டன்ங்கறவரும் ஒரு ஆப் வெளியிட்டாங்க. "அவர் மாலிபு பீச்சஸ்", நம்ம மாலிபு கடற்கரைகள். எந்த வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல பொது வழி இருக்கு, எந்தப் பலகை பொய், எந்த கராஜ் பொய்னு வீடு வீடா சொல்ற ஆப். நான் எழுதியிருக்கலாமேன்னு பொறாமைப்பட்ட ஆப்கள்ல ஒண்ணு. அடுத்த வருஷம், 2014-இல, பொதுவழியை மறிக்கறவங்களுக்குக் கோர்ட்டுக்குப் போகாமலே அபராதம் போடற அதிகாரம் மாநிலத்தோட கடற்கரை ஆணையத்துக்குக் கிடைச்சது. 2016-இல ஒரு மாலிபு வீட்டுக்கு நாப்பது லட்சம் டாலருக்கு மேல போட்டாங்க. அது பெயின்ட்டுக்கு இல்ல, பொது வழியையே வருஷக்கணக்கா மறிச்சதுக்கு. என் கறிவேப்பிலைச் சீட்டு அதுக்கு முன்னாடி ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சது, கொஞ்சம் ஆறுதலாவும் இருந்தது.

இது வரைக்கும் சொன்னதுல ஒரு கேள்வியை நான் தவிர்த்துட்டே வந்திருக்கேன். அந்தத் தெருமுனைக் கல்லு ஏன் சிவப்பா இருந்தது? பக்கத்துல தீயணைப்புக் குழாய் இல்ல. பஸ் ஸ்டாப் இல்ல. வாசல் இல்ல. வெறும் முனை. ஒரு கார் நிக்கற இடம், சும்மா காலியா. பணம் பறிக்கத்தான் வெச்சிருக்காங்கன்னு அன்னிக்கு ராத்திரி நான் உறுதியா நம்பினேன்.

ஒரு பேப்பரை எடுத்து வரைஞ்சு பாருங்க. பிளாட்பாரம், தெரு, முனை. முனையை ஒட்டி ஒரு கார். நீங்க தெருவைக் கடக்கணும். பிளாட்பாரத்துல நின்னா அந்தக் கார்தான் உங்களுக்குத் தெரியும், தெருவுல வர்ற வண்டி தெரியாது. வர்ற வண்டிக்கும் நீங்க தெரிய மாட்டீங்க. தெரியணும்னா அந்தக் காரோட அகலத்தைத் தாண்டி, ஆறடி, தெருவுக்குள்ள நடக்கணும். அதாவது பாதுகாப்பா இருக்கான்னு பாக்கறதுக்கே ஆபத்தான இடத்துக்குப் போயாகணும். மணிக்கு முப்பது கிலோமீட்டர்ல வர்ற வண்டி ஒரு செகண்டுல எட்டு மீட்டர் வரும். நிக்கற கார் எஸ்யூவியா இருந்து, கடக்கறது குழந்தையா இருந்தா, அந்த ஆறடி தாண்டற வரைக்கும் தலைகூடத் தெரியாது.

முனையை ஒட்டி ஒரே ஒரு காரை எடுத்துட்டா இந்தக் கணக்கு முழுக்க மாறிடுது. பிளாட்பாரத்துல நின்னபடியே தெரியும், தெரிவீங்க. அந்த வெற்றிடம்தான் அங்க இயங்கற கருவி. காலியா இருந்தாத்தான் வேலை செய்யும். ஆங்கிலத்துல இதுக்கு டேலைட்டிங்னு பேர். முனைக்கு வெளிச்சம் விடறது.

அமெரிக்காவில 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல இதுக்குச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. கலிஃபோர்னியாவில இல்ல. அங்கங்க நகரங்கள் சிவப்பு அடிச்ச முனைகள் மட்டும்தான், நான் மாட்டினது அப்படி ஒண்ணு. 2023 அக்டோபர்ல அசெம்பிளி மசோதா 413 சட்டமாச்சு. வண்டி வர்ற பக்கத்துல, பாதசாரிக் கடவைக்கு இருபது அடிக்குள்ள நிறுத்தக்கூடாது. கோடு போட்ட கடவையா இருந்தாலும் சரி, கோடே இல்லாத முனையா இருந்தாலும் சரி. முதல் வருஷம் எச்சரிக்கை, 2025 ஜனவரியிலிருந்து சீட்டு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கல்லுல பெயின்ட் இல்லன்னாலும் சட்டம் செல்லும். கல்லைப் பாத்துத் தெருவைப் படிக்கப் பழகின ஒரு மாநிலத்துக்கு, இப்ப நிறமே இல்லாத ஒரு சிவப்பு. ஜனங்க திட்டினாங்க. பெயின்ட் அடிக்காம எப்படி அபராதம் போடலாம்னு கேட்டாங்க. அது நியாயமான கேள்வி. தேய்ஞ்ச பெயின்ட்டுக்கே அப்பீல் போட்டவன் நான், எனக்குத் தெரியும் அந்தக் கோபம்.

பெயின்ட் மட்டும் போதுமான்னா, போதாது. நியூ ஜெர்சியில ஹோபோகன்னு ஒரு ஊர். நியூயார்க்குக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம். ஏறக்குறைய அறுபதாயிரம் ஜனம், ஒரு சதுர மைலுக்குக் கொஞ்சம் மேல பரப்பு. பார்க்கிங் கிடைக்கறது குதிரைக்கொம்பு. முனையில நிறுத்தக்கூடாதுன்னு மாநிலச் சட்டம் இருந்தும் யாரும் மதிக்கல. 2015-இல ஒரு மூதாட்டி தெருவைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தாங்க. அதுக்கப்புறம் நகரம் சீட்டை நம்பறதை விட்டுட்டு, முனைகள்ல நிறுத்தவே முடியாதபடி பண்ண ஆரம்பிச்சது. வளையற பிளாஸ்டிக் கம்பம், சைக்கிள் ஸ்டாண்ட், பூந்தொட்டி, சில இடத்துல பிளாட்பாரத்தையே முன்னாடி இழுத்துக் கட்டறது. கடைக்காரங்க எதிர்த்தாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல 1920-இல சொன்ன அதே வாதம். 2018-இல மேயரான ரவீந்தர் பல்லா அதைத் தொடர்ந்து நடத்தினார். 2017 ஜனவரியிலிருந்து ஏழு வருஷம், அந்த ஊர்ல சாலை விபத்துல ஒருத்தர்கூட சாகல. நடந்தவங்க, சைக்கிள்ல போனவங்க, கார்ல இருந்தவங்க, யாருமே.

பக்கத்துல, ஆத்துக்கு இந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்துலயும் இருபது அடி விதி உண்டு. நியூயார்க் நகரம் மட்டும் தன்னை அதுலேர்ந்து விலக்கி வெச்சுக்கிட்டது. பார்க்கிங் இடம் போயிடும்ங்கற பயம்தான், வேறென்ன.

நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சது அந்தச் சீட்டுக்காக இல்ல. திரும்பி வந்து ஒரு வருஷம் கழிச்சு, 2023-இல, அம்மாவுக்காக.

எங்க தெரு மெயின் ரோட்டுல போய்ச் சேர்ற முனையில ஒரு வேன் நிக்கும். தினமும். தண்ணி கேன் போடற வேன். ஓட்டறவர் நல்ல மனுஷன், அம்மா அவரைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, அவர் கேனை மாடி வரைக்கும் தூக்கி வந்து வெப்பார். ஒரு நாள் சாயங்காலம் அம்மா பூ வாங்கக் கடக்கும்போது, வேனைத் தாண்டி எட்டிப் பாத்திருக்காங்க. எட்டிப் பாக்கற அந்த அடியிலதான் பைக் வந்தது. பைக் ஓட்டின பையனும் விழுந்தான், அவனுக்கும் அடி. அம்மாவுக்கு மணிக்கட்டு முறிஞ்சது, உள்ள கம்பி வெச்சாங்க. அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் வரல. "எங்கேர்ந்து வந்தாங்கன்னே தெரியலண்ணா"ன்னு அழுதான். அவன் சொன்னது அப்படியே உண்மை, தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல.

ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு நம்ம சட்டத்தைத் தேடிப் பாத்தேன். 1989-இல வந்து 2017 வரைக்கும் இருந்த சாலை விதிமுறைகள்லயே இருந்தது. சாலைச் சந்திப்பிலோ அதுக்கு அருகிலோ வண்டியை நிறுத்தக்கூடாது. இருந்தது! அருகில்னா எவ்வளவு? அதுல அடிக் கணக்கு இல்ல. என் வேலையில ஒரு ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட்ல "அருகில்"னு எழுதினா, டெஸ்டர் அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவார். அதுல இருபது அடின்னு ஒரு எண் இருந்திருந்தா, வேன்காரர்கிட்ட போய் டேப்பைக் காட்டிப் பேசியிருக்கலாம். அருகில்ங்கற வார்த்தையை வெச்சுக்கிட்டு என்ன பேசறது?

ஆனாலும் டேப் எடுத்துட்டுப் போனேன். அம்மா டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு நாள் கழிச்சு, காலையில ஏழு மணிக்கு. முனையிலிருந்து வேனோட முன் பம்பர் வரைக்கும் நாலடி. வேன்காரர் இறங்கி வந்து, "என்னப்பா அளக்கற, அம்மா கை எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். சொன்னேன். பேப்பர்ல படம் வரைஞ்சே காட்டினேன். புரிஞ்சுக்கிட்டார். "தள்ளி விடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நான் தள்ளினா அந்த இடத்துல வேற எவனாவது கொண்டு வந்து விடுவான். நீயே பாரு"ன்னார். ஒரு வாரம் உண்மையிலயே தள்ளி நிறுத்தினார். ரெண்டாவது நாளே அங்க ஒரு வெள்ளைக் கார் நின்னது. அடுத்த வாரத்துலேர்ந்து வேன் பழைய இடத்துக்கே வந்துடுச்சு.

அம்மா இப்ப அந்த முனையில கடக்கறதில்ல. நாப்பது ஐம்பது மீட்டர் தள்ளி, பெட்டிக்கடை எதிர்ல, ரோடு நேரா தெரியற இடத்துல கடக்கறாங்க. பூக்காரம்மாவும் கூடையை அங்கயே மாத்திக்கிட்டாங்க. போன மாசம் எங்க முனையில ஓரக்கல்லுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சாங்க, கறுப்பு மஞ்சள். வேன் நின்ன இடத்தை மட்டும் விட்டுட்டு அடிச்சிருக்காங்க, அந்தத் துண்டு பழைய நிறத்துலயே இருக்கு.

அடுத்த வாரம் பாக்கலாம்.